பெயர் பிறப்பால் வரும். அடைமொழி உழைப்பால் வரும்

ஆண்டுதோறும் ஒக்ரோபர் 2ஆம் திகதி வந்ததும் நம் மேடைகளிலே ஒரு சொல் ஒலிக்கத் தொடங்கும். 'காந்திய வழி', 'காந்தியக் கொள்கை', 'காந்தியப் போராட்டம்' என்று பேசுவோர் பேசுவர், கேட்போர் கைதட்டுவர், மாலையிட்ட படம் மறுநாட் காலை பழைய சுவருக்கே திரும்பிவிடும். அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது, வன்னி மண்ணிலே அதற்கு யார் பொருள் தந்தார்கள், அதன் பேரால் நாம் பட்டிருக்கும் கடன் யாது என்று கேட்பார் மிகச் சிலர். கேட்க வேண்டிய காலம் இது. கற்றோரும் கமக்காரரும் ஒருங்கே சிந்திக்க வேண்டிய பொருளாதலின், சொல்லின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

பலசரக்குக் கடையிற் பிறந்த பெயர்

ஆங்கில மொழிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய குடும்பப் பெயரின் ஈற்றிலே சிறிய விகுதியொன்றை ஒட்டினால் அஃது அடைமொழியாகிவிடும். மார்க்ஸ் என்பவரின் பெயரிலிருந்து 'மார்க்சியன்' வந்தது. மாக்கியவல்லி என்பவரின் பெயரிலிருந்து 'மாக்கியவல்லியன்' வந்தது. காந்தி என்னும் பெயரிலிருந்து 'காந்தியன்' வந்தது. தமிழில் நாம் அவற்றை மார்க்சிய, காந்திய என வழங்குகிறோம்.

தமிழருக்கு ஐரோப்பியரைப் போன்ற குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்வதோடு நம் வழக்கம் முடிந்துவிடுகிறது. பேரன் காலத்திற் பாட்டன் பெயர் மறைந்துபோகும். எனினும், ஒருவர் செய்த செயலுக்கு அவர் பெயரையே சூட்டும் மரபு நமக்கும் புதியதன்று. அகத்தியன் செய்தது அகத்தியம்; தொல்காப்பியன் செய்தது தொல்காப்பியம். நூலுக்குப் பெயர் வரும் வழிகளைக் கூறும் நன்னூலார், செய்தோன் பெயராலும் செய்வித்தோன் பெயராலும் நூல் பெயர் பெறும் என்றார். செய்தவனுக்கு ஒரு பெயர், செய்யத் தூண்டியவனுக்கு ஒரு பெயர் என்னும் இந்தப் பாகுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் அது நமக்கு வேண்டும்.

இனிக் காந்தி என்னும் பெயரைப் பார்ப்போம். குசராத்திலே குடும்பப் பெயர்கள் பல, தொழிலால் வந்தவை. 'கந்தம்' என்னும் வடசொல்லுக்கு மணம் என்று பொருள். மணப்பொருள் விற்றவன் காந்தி எனப்பட்டான். காலப்போக்கில் வாசனைத் திரவியத்தோடு பலசரக்கும் விற்றவருக்கு அப்பெயர் பொதுவாயிற்று. தம் முன்னோர் தொடக்கத்திற் பலசரக்கு வணிகராய் இருந்தனர் போலும் என்று மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாட்டனார் காலந்தொட்டே அக்குடும்பத்தார் கத்தியவார்ச் சிற்றரசுகளிலே திவான்களாயினர். கடை போயிற்று; பெயர் நின்றது.

தமிழ்ச் செவிக்கு அப்பெயர் வேறொரு பொருளையும் தரும். நம் அகராதிகளிலே 'காந்தி' என்றால் ஒளி. அதுவும் வடசொல்லே, ஆயினும் மணத்தைக் குறிக்கும் சொல்லின் வழிவந்ததன்று, வேறொரு சொல். வடமொழியில் வெவ்வேறாய் ஒலிக்கும் இரண்டும் நம் எழுத்திலே ஒன்றாகிவிட்டன. குசராத்தியின் செவிக்கு மணமாய் இருப்பது தமிழன் செவிக்கு ஒளியாய்ப் படுகிறது. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமையே. இதிலே தத்துவம் தேட வேண்டுவதில்லை. பெயரின் பொருள் எதுவாயினும் அடைமொழியின் பொருளை அது தீர்மானிப்பதில்லை என்பதே நாம் இங்கே கொள்ள வேண்டியது. 'காந்தியன்' என்று ஆங்கிலத்திற் படிப்பவன் பலசரக்குக் கடையை எண்ணுவதில்லை, அறப்போரை எண்ணுகிறான்.

அது மட்டுமன்று. காந்தி என்னும் குடும்பப் பெயருடையோர் ஆயிரக்கணக்கானோர். நேருவின் மருமகனான பெரோஸ் காந்தி பார்சி இனத்தவர். மகாத்துமாவின் உறவினர் அல்லர். அவரை மணந்ததாலேயே இந்திரா, இந்திரா காந்தி ஆனார். அவர்களெல்லாம் பெயரால் காந்திகள். அவர்களைக் காந்தியர் என்று சொல்ல வேண்டுமாயின், அதற்கு வேறு சான்று வேண்டும். பெயர் பிறப்பாலும் மணத்தாலும் வரும். அடைமொழி உழைப்பால் வரும்.

பெயரை விழுங்கிய அடைமொழி

அடைமொழி எப்பொழுதும் நீதி செய்வதில்லை. மாக்கியவல்லியை நோக்குக. புளோரன்ஸ் நகர்க் குடியரசுக்கு 1498 முதல் 1512 வரை செயலாளராக உழைத்தவர். குடியரசு வீழ்ந்த பின் சிறையிலிடப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானவர். குடியரசு முறையை விரித்துரைத்துப் பெருநூல் எழுதியவர். ஆனால், அரசனுக்கு அறிவுரையாக அவர் 1513இல் எழுதிய சிறு நூல் ஒன்றே அவர் பெயருக்குப் பொருளாயிற்று. அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1532இலேதான் அந்நூல் அச்சேறியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் வெளிவந்தது 1640இல். ஆங்கிலேயர் வாயிலோ 'மாக்கியவல்லியன்' என்னும் வசைமொழி 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிற்று. நூலைத் தம் மொழியிற் படிப்பதற்கு முன்னரே ஒரு நாட்டார் ஆசிரியன் பெயரை வசையாக்கிவிட்டனர்.

காந்தியார் இதனை உணர்ந்திருந்தார் போலும். 1936இல் தம் அன்பர்கள் கூடிய அவையிலே, காந்தியிசம் என்று ஒன்று இல்லை என்றும், தமக்குப் பின் தம் பெயரால் ஒரு பிரிவு நிலைப்பதைத் தாம் விரும்பவில்லை என்றும் அவர் கூறினார். தம் பெயரைப் பிறர் அடைமொழியாக்குவதை அவர் மறுத்தார், உலகம் கேட்கவில்லை. மாக்கியவல்லியின் பெயர் படிக்காதவர் வாயில் வசையாயிற்று. காந்தியின் பெயர் செய்யாதவர் வாயிலே புகழாகி வருகிறது. இரண்டிலும் இழப்புக்குள்ளாவது உண்மையே.

இலங்கைக்கு வந்த சொல்

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே காந்தியார் இலங்கைக்கு வந்தார். கதர் நிதிக்காக வந்த அவர் மலைநாட்டையும் கண்டார். மாணவர் காங்கிரஸ் இளைஞரின் அழைப்பையேற்று யாழ்ப்பாணத்தையும் கண்டார். ஒரே பயணத்திலே தோட்டத் தொழிலாளரின் மலையையும் குடாநாட்டுத் தமிழரின் மண்ணையும் கண்ட தலைவர் அவர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பின்னர் எத்தனை ஆண்டு பிடித்தது என்பதை நாம் அறிவோம்.

1956 யூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலிலே தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தபொழுது, அடிபட்டும் அடிக்காதிருந்தனர். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் வவுனியாக் கச்சேரிக்கும் வந்தது. ஏப்பிரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் அதனைக் கலைத்தன. செல்வநாயகத்தை 'ஈழத்துக் காந்தி' என்று மக்கள் அழைத்தமை அக்காலத்தின் வழக்கு. வன்னியில் அச்சொல் இவ்வாறு முதலில் வாயில் மறியலாய் வந்தது. அது மண்வெட்டியாகவும் வந்த கதையே நாம் இன்று சொல்ல வந்தது.

வவுனியாவில் மண்ணைத் தொட்ட சொல்

மலைநாட்டுத் தமிழர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். 1964 ஒக்ரோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பின்னர்த் தீர்மானிக்கப்படும் எனப்பட்டது. மந்தையைப் பிரிப்பது போல மக்களைப் பிரித்த கணக்கு அது. 1970களின் முற்பகுதியிலே தோட்டங்களிற் பட்டினி வந்தது. 1977 ஓகஸ்ற் மாதத்திலே தீ வந்தது. உயிர் தப்பியவர் வண்டியேறி வடக்கு நோக்கினர். வவுனியாவே அவர்களுக்கு முதல் வாயிலாயிற்று.

அவ்வேளையிலே இருவர் அவ்வாயிலில் நின்றனர். ஒருவர், வவுனியாவில் வைத்தியராகப் பணிபுரிந்த சோ. இராசசுந்தரம். மற்றவர் கரம்பனிற் பிறந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட். 1970களின் நடுப்பகுதியில் இவர்கள் நிறுவிய சங்கத்தின் பெயர் 'காந்தீயம்'. ஒரு குசராத்திக் குடும்பப் பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் அடைமொழியாகி, அவ்வடைமொழி மீண்டும் பெயர்ச்சொல்லாகி, வன்னிக் காட்டோரத்திலே ஒரு பலகையில் ஏறிய வரலாறு இது.

பலகையோடு அவர்கள் நின்றிருப்பாராயின் நாம் இன்று அவர்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை. வந்த குடும்பங்களுக்கு நிலம் தேடினர். பற்றைக் காடு வெட்டுவித்தனர். கிணறு தோண்டுவித்தனர். பண்ணைகள் அமைத்தனர். பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலைகளும் பாலும் கொடுத்தனர். கிராமத்து இளம்பெண்களைப் பயிற்றி ஆசிரியைகளாக்கினர். வைத்தியர் குடிசைகளுக்கே சென்று நோய் பார்த்தார். வெளிநாட்டிற் கைநிறையச் சம்பளம் பெறத்தக்க கட்டடக் கலைஞர் ஓலைக் கொட்டிலுக்குத் திட்டம் வரைந்தார். நன்னூலார் பாகுபாட்டிலே சொல்வதாயின், செய்வித்தோன் போர்பந்தரிற் பிறந்தவர். செய்தோர் கரம்பனிலும் வவுனியாவிலும் இருந்தனர். செய்தோருள் முதன்மையானோர் இன்னும் ஒருவகையார். அவர்கள் அந்தக் குடும்பங்களே. வெயிலிலே காடு வெட்டியவர்களும் கிணற்றிலே இறங்கியவர்களும் அவர்களே.

எதிர்ப்புரை ஒன்றை மறைத்தல் தகாது. அச்சங்கத்தோடு உழைத்த இளைஞருள் சிலர் பின்னர் ஆயுத இயக்கங்களிற் சேர்ந்தனர். அதனைக் காட்டி, 'இவர்கள் காந்தியராவது எங்ஙனம்?' என்று அன்றைய அரசு கேட்டது. ஆயுதம் எடுத்த கையைக் காந்தியக் கை என்று நாம் சொல்லோம். ஆனால் ஒருவனுக்குரிய அடைமொழியை அவன் பக்கத்தில் நின்றவனின் செயலால் தீர்மானித்தல் நீதியன்று. கிணறு வெட்டியவனைக் கிணற்றைக் கொண்டே அளக்க வேண்டும்.

அரசு வேறுவிதமாக அளந்தது. 1983 ஏப்பிரலிலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருவரும் கைதாயினர். யூலை 25ஆம் 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையிலே 53 தமிழ்க் கைதிகள் கொலையுண்டனர். இரண்டாம் நாட் கொலையிலே வைத்தியர் இராசசுந்தரம் மாண்டார். டேவிட் உயிர் தப்பினார். மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு செப்டெம்பரிற் சிறை உடைக்கப்பட்டபொழுது வெளியேறித் தமிழகம் சென்றார். மூன்று தசாப்தங்களுக்கு மேல் சென்னையிலே எளிய வாழ்வு வாழ்ந்து, 2015இல் தாயகம் திரும்பி, அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்திலே கிளிநொச்சியிற் கண்மூடினார்.

குடியேற்றப்பட்ட குடும்பங்களின் கதியோ அதனினும் நீண்டது. மலைநாட்டு அகதிகள் வாழ்ந்த டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து அவர்கள் 1984இல் வெளியேற்றப்பட்டனர். அங்கே சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பத்தாரும் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கியபொழுது பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். ஏழைகள் பிழைப்புக்காக வெட்டிய காட்டிலே ஏழைகளின் இரத்தமே சிந்தியது. எந்தப் பக்கத்து அடைமொழியாலும் அதனை நியாயப்படுத்தல் இயலாது.

நம் வாயில் வாழும் மற்றோர் அடைமொழி

இனி, நமக்குக் கசப்பான பகுதிக்கு வருவோம்.

மக்களைக் குறிக்கும் அடைமொழிகள் எல்லாம் புகழ்மொழிகள் அல்ல. காந்தியாரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1893இல் அவர் தென்னாப்பிரிக்காவிற் கால்வைத்தபொழுது, அங்குள்ள வெள்ளையர் இந்தியர் அனைவரையும் 'கூலி' என்றும் 'சாமி' என்றும் அழைத்தனர். இராமசாமி, முத்துசாமி என்று முடியும் தமிழ்ப் பெயர்களின் வாலைப் பிடித்து, அதனையே ஓர் இனத்துக்கு இழிபெயராக்கிய கொடுமை அது. சாமி என்பது நமக்குக் கடவுளையும் தலைவனையும் குறிக்கும் சொல். கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். இரண்டிலும் இழிவில்லை. சொல்லிய வாயிலேயே இழிவு இருந்தது. இலண்டனிற் சட்டம் பயின்ற காந்தியாரும் அங்கே 'கூலி பாரிஸ்ரர்' ஆனார். உலகம் அவர் பெயரைப் புகழ்மொழியாக்கு முன்னர், தமிழ்த் தொழிலாளரின் பெயராலே ஆக்கப்பட்ட வசைமொழியை அவர் சுமந்தார். 1913இல் நாட்டாலிலே அவர் பின் நடந்த தொழிலாளருட் பெருந்தொகையினர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர். இலங்கையின் மலைகளிலே கோப்பியும் தேயிலையும் நட்ட மக்களைப் போன்ற உழைப்பாளிகளே அவர்களும்.

அப்படியாயின், வன்னியிலே அம்மக்களின் பேரப்பிள்ளைகளை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? 'தோட்டக்காட்டான்' என்று. 'வடக்கத்தியான்' என்றும் சிலர். மேடையிலே 'காந்திய' என்று முழங்கிய வாய், வீட்டு முற்றத்திலே வேலைக்கு வந்தவரைப் பார்த்து இச்சொல்லைச் சொல்கிறது. கல்யாணப் பேச்சிலே இச்சொல் வருகிறது. பாடசாலை முற்றத்திலே பிள்ளைகள் வாயில் வருகிறது. கூட்டத்திலே ஒருவர் எழுந்து பேசினால் பின்வரிசையிலே மெல்லிய குரலில் வருகிறது. தென்னாப்பிரிக்க வெள்ளையன் 'சாமி' என்றதற்கும் நாம் இதனைச் சொல்வதற்கும் வேறுபாடு யாது? அவன் பிற இனத்தானைச் சொன்னான். நாம் நம்மவரையே சொல்கிறோம். நம் குற்றமே பெரிது.

கிளிநொச்சியின் பாரதிபுரத்தையும் மலையாளபுரத்தையும் சென்று பார்க்கட்டும். மலைநாட்டு வழிவந்தோர் பெருந்தொகையாய் வாழும் ஊர்கள் அவை. இரணைமடுவின் நீர் பாயும் வயல்களிலே அவர்களுட் பலர் நாற்று நடுகின்றனர், களை பிடுங்குகின்றனர், அருவி வெட்டுகின்றனர். ஆனால் வாய்க்காலுக்குக் கீழே அவர்களுக்கென்று வயல் உண்டா? பலருக்கு இல்லை. குடியிருக்கும் மேட்டுக் காணிக்கேனும் கையில் உத்தரவுப்பத்திரம் உண்டா? அதுவும் இல்லாதோர் பலர். 2009இல் முடிந்த போரிலே மற்றெல்லாரையும் போல இடம்பெயர்ந்து, மற்றெல்லாரையும் போலப் பிள்ளைகளை இழந்து, முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள் இவர்கள். பத்திரம் உள்ளவன் திரும்பிவந்து தன் காணியைக் காட்டினான். பத்திரம் இல்லாதவன் தான் வெட்டிய கிணற்றைக் காட்டினான். கிணறு அலுவலகத்திற் சாட்சியாகாது.

'நாம் இம்மண்ணின் பழங்குடிகள். அவர்கள் வந்தேறிகள்' என்பார்க்கு ஒரு சொல். வட்டக்கச்சிக்கும் முத்தையன்கட்டுக்கும் விசுவமடுவுக்கும் நம்மிற் பலர் எப்பொழுது வந்தோம்? குடியேற்றத் திட்டங்களின் கீழ், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் துணையோடு, குடாநாட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளே நாம். நமக்கு அரசு காணி அளந்தது, வாய்க்கால் வெட்டியது, பத்திரம் தந்தது. அவர்களுக்குக் கலவரம் வழிகாட்டியது, ஒரு வைத்தியரும் ஒரு கட்டடக் கலைஞரும் கைகொடுத்தனர். வந்த வழி வேறு. வந்தது ஒரே மண்ணுக்கு. வன்னியின் ஆதிக்குடிகளான சிற்றூர் மக்களோ, நம் இரு சாராரையும் ஒருங்கே வரவேற்றவர்கள்.

கமக்காரருக்கும் கற்றோருக்கும்

இக்கூற்றுக்கு இரு மறுப்புகள் வரலாம். நியாயமானவை, ஆதலின் நேரே பதில் கூறுவோம்.

காணியற்றோர் மலைநாட்டு வழியினர் மட்டுமல்லர். ஏனையோரும் உளர் என்பது முதல் மறுப்பு. உண்மை. அவர்களுக்கும் காணி வேண்டும். ஆனால் காணியற்ற ஏனையோன் தன் ஊர்ப் பெயரால் இகழப்படுவதில்லை. இவன் காணியும் இல்லாதவன், பெயரும் கெடுக்கப்பட்டவன். இரண்டு சுமை சுமப்பவனுடைய சுமையை முதலில் இறக்குதல் முறை.

காணி அரசினுடையது; நாம் என் செய்வோம் என்பது இரண்டாவது. அரசின் கையில் இருப்பது காணி. நம் கையில் இருப்பவை பல. கமக்காரர் அமைப்பிலே அங்கத்துவம் நம் கையில் உண்டு. குத்தகைக்கு உழுபவனும் சிறுபோகக் கூட்டத்திலே எழுந்து பேச இடம் தருவது நம் கையில் உண்டு. எத்தனை ஏக்கருக்கு நீர் என்று தீர்மானிக்கும் அக்கூட்டத்திலே அவன் குரல் கேட்கப்படுமாயின், வாய்க்காலின் கடைசி வயலுக்கும் நீர் போகும். வயல் வேலைக்கு வந்தவனுக்கு நியாயமான கூலியை அன்றே கொடுப்பது நம் கையில் உண்டு. எல்லாவற்றிலும் எளிதாக, அந்த ஒரு சொல்லை நம் வீட்டிலிருந்து நீக்குவது முழுவதும் நம் கையிலேயே உண்டு. அதற்குப் பாராளுமன்றமும் வேண்டா, சுற்றறிக்கையும் வேண்டா.

கற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காந்தீயத்தைத் தொடங்கியவர் அரசியல்வாதிகள் அல்லர். ஒருவர் வைத்தியர், ஒருவர் கட்டடக் கலைஞர். தம் தொழிலையே தொண்டாக்கினர். இன்று வன்னியிலே சட்டத்தரணிகள் உண்டு, நில அளவையாளர் உண்டு, ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர் உண்டு, ஆசிரியர் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஊரின் பொதுநோக்கு மண்டபத்திலே மேசை போட்டு உட்கார்ந்தால், எத்தனை விண்ணப்பங்கள் ஒழுங்காக எழுதப்படும்! எந்தப் பற்றுச்சீட்டு, எந்த வாக்காளர் இடாப்பு, எந்தப் பாடசாலைப் பதிவு ஒருவன் இன்ன ஆண்டு முதல் இன்ன காணியில் வாழ்ந்தான் என்பதற்குச் சான்றாகும் என்று எடுத்துச் சொல்ல எழுத்தறிந்த ஒருவர் போதும். 1977இல் வந்த கிழவர்கள் இன்று ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் வாய்மொழி இன்றே எழுதப்படாவிடில் நாளை அதுவும் இராது.

அரசியல் மேடையாருக்கும் ஒன்று சொல்வோம். நாடற்றோராக்கப்பட்ட மலைநாட்டுத் தமிழரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. 55 ஆண்டு எடுத்தது. வாக்குரிமை வந்த பின் இம்மக்களின் வீட்டுப் படலையை வேட்பாளர் அனைவரும் தட்டுகின்றனர். தட்டுவோர் இனிமேல் காந்தியின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்க வேண்டா. எத்தனை குடும்பத்துக்கு உத்தரவுப்பத்திரம் பெற்றுக்கொடுத்தோம் என்று தொகை சொல்லிக் கேட்கட்டும். தமிழன் காணியைப் பிறர் பறிக்கின்றனர் என்று நாம் முழங்குவது நியாயமே. அம்முழக்கத்துக்கு வலு வேண்டுமாயின், நம்மிடையே காணியற்றிருக்கும் தமிழனுக்கு முதலில் நாம் வழக்காட வேண்டும். உள்வீட்டில் நீதி மறுத்தவன் ஊர்ச்சபையில் நீதி கேட்டால், சபை அவன் முகத்தைப் பார்க்குமேயன்றி வழக்கைப் பாராது.

தமிழகத்துக் கடைத்தெருவிலே 'காந்தி கணக்கு' என்று ஒரு வழக்கு உண்டு. திரும்பி வாராத கடனை அப்படிச் சொல்வர். பலசரக்குக் கடையிற் பிறந்த குடும்பப் பெயர் மீண்டும் கடைக்கே வந்து, கொடுக்க மனமில்லாதவனின் சாட்டாக நிற்கிறது. ஒரே பெயரிலிருந்து இரண்டு வழக்குகள்: ஒன்று, காந்திய வழி, மற்றொன்று, காந்தி கணக்கு. முன்னதை வைத்தியர் இராசசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் அவர்களோடு காடு வெட்டிய குடும்பங்களும் வன்னியிலே எழுதிவிட்டுச் சென்றனர். அவர்களுக்கு நாம் பட்ட கடனைப் பின்னதில் எழுதி மூடிவிடக் கூடாது. வருகிற ஒக்ரோபரிலே படத்துக்கு மாலையிடுமுன், பாரதிபுரத்துக்கோ மலையாளபுரத்துக்கோ ஒரு மேசையும் நாலு கதிரையும் கொண்டு செல்வோம். அன்று சொல்லத் தகும் காந்திய என்னும் சொல்லை.